முதல் போஸ்டிங் ராமநாதபுரம் கடற்கரையா? களைத்துப்போன ஆசிரியர் மீள்வதற்கு ஒரு வழிகாட்டி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று தமிழ்நாட்டில் எந்தத் துறை மேலதிகாரி மிரட்டினாலும், அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் எங்கள் மாவட்டம்தான். யாரும் மிரட்டாமலே, கலந்தாய்வுத் திரையில் காலியிடம் தெரிந்தது என்பதற்காக இங்கே வந்து சேரும் இளம் ஆசிரியர்களும் நிறைய. தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பையைத் தூக்கிக்கொண்டு வந்து, தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையே அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு கடற்கரைக் கிராமத்தில் வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்தைப் போடுகிறார்கள். முதல் வருடத்தை உற்சாகம் ஓட்டிவிடும். அதன்பிறகு ஏதோ ஒரு திங்கட்கிழமை காலை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, இன்றைக்கு மட்டும் பஸ் வராமல் போனால் தேவலை என்று தோன்றும். அந்த நினைப்பு வாராவாரம் வர ஆரம்பித்தவர்களுக்கும், இன்னும் வராத புதியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பணிச்சோர்வு என்றால் லீவு போட்டு ஊருக்குப் போய்த் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாடம் நடத்திக் களைத்தவரைத் தூக்கம் தேற்றும். இந்தக் கடற்கரையில் நான் பார்க்கும் ஆசிரியர்கள் களைப்பது வேறு காரணத்தால். கடல் முடிவு செய்வது, ஆபீஸ் முடிவு செய்வது, வீட்டு வறுமை முடிவு செய்வது என்று தன் கையில் இல்லாத அத்தனையையும் தன் மதிப்பெண்ணாக எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கைத் திருத்தாமல் பத்து நாள் லீவு போட்டாலும் பதினோராம் நாள் அதே பஸ் ஸ்டாண்டுதான்.

1. முதலில் ரத்தத்தைப் பாருங்கள், பிறகு மனதை

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வு விரிவாக விளக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு நோயாக அவர்கள் சேர்க்கவில்லை. வேலையிடத்து அழுத்தம் தீர்வில்லாமல் நாட்பட்டுக் கிடந்தால் வரும் நிலை என்கிறார்கள். அடையாளங்கள் மூன்று: உடம்பில் தெம்பே இல்லாத களைப்பு, வேலையின்மேல் ஒரு விலகலோ கசப்போ, என்ன செய்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். நம் பள்ளியில் அது எப்படித் தெரியும்? திருத்தாத நோட்டுகள் மேசையில் ஏறிக்கொண்டே போகும். ஒரு பிள்ளை மீன்வாடையோடு வந்து நின்றால் முன்பு பரிவு வந்த இடத்தில் எரிச்சல் வரும். 'இதுகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஓய்வறையில் யாராவது சொன்னால் முன்பு சண்டை போட்டவர், இப்போது தலையாட்டுவார். என்னைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் நம்பகமான அறிகுறி.

ஆனால் களைப்புக்கெல்லாம் மனதைக் குற்றம் சொல்ல முடியாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் குறைபாடு எல்லாம் இதே முகத்தோடு வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பணிச்சோர்வு உள்ளவருக்குப் பள்ளியை விட்டு விலகினால் கொஞ்சமாவது மூச்சு வரும். விடுமுறையிலும், பிடித்த மனிதர்கள் நடுவிலும், இரண்டு வாரத்துக்கு மேலாகத் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும், கட்டுரை போதாது. சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நம் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 என்பதால் அடுத்தடுத்த வீடு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2. கடலின் நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

புதிதாக வந்தவரை உடைப்பதில் முதலிடம் காலி பெஞ்சுக்குத்தான். நேற்று நன்றாகப் போன வகுப்பில் இன்று பாதிப் பிள்ளைகள் இல்லை. நான் நடத்தியது பிடிக்கவில்லையோ, சத்தம் போட்டேனே அதனாலோ என்று மனம் தன்னையே குடையும். விடை பெரும்பாலும் கரையில் இருக்கும்.

சுமார் 237 கிலோமீட்டர் நீளக் கடற்கரை இது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன் பக்கத்து மக்கள் பேச்சில் வடகடல், தென்கடல். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும்போது தென்கடல் முரண்டு பிடிக்கும். காற்றைப் பார்த்துச் சில குடும்பங்கள் கரை மாறும். கூடவே பிள்ளையும் போகும். விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை, குறித்த நாட்களில் டோக்கன் வாங்கிப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. அந்த இரண்டு மாதமும் பல வீடுகளில் கையில் காசு இருக்காது. ஆண்டுத் தேர்வு அதன் தொடக்கத்தை ஒட்டி வரும், பள்ளி திறப்பு அதன் கடைசியில் வரும். ஜூன் முதல் வாரம் நோட்டு இல்லாமல் வந்த பிள்ளையைத் திட்டும் முன் தேதியைப் பாருங்கள்.

நாட்டுப்படகு, வல்லம் வைத்திருக்கும் ஊர்களில் கணக்கு வேறு. விடியற்காலையில் நண்டு வலை கரைக்கு வந்தால் வலையிலிருந்து நண்டு கழற்ற அம்மாவோடு பிள்ளையும் உட்காரும். கழற்றி முடித்து, வியாபாரி எடைபோட்டு முடித்த பிறகுதான் குளியல், சீருடை, பள்ளி. ஒன்பது மணிக்கு வரவேண்டியவன் பத்தரைக்கு வருவதன் காரணம் இது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும் நாட்களில், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் அப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். அவர் லீவில் வந்து இறங்கும் வாரத்தில் பிள்ளையை வகுப்பில் எதிர்பார்க்காதீர்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெரிய மாத நாட்காட்டி வாங்கி, உங்கள் ஊரின் கடல் நாட்களை அதில் குறியுங்கள். யாரிடம் கேட்பது? பிள்ளைகளிடம். "நாளைக்கு எங்க அப்பா தொழிலுக்குப் போவாங்க டீச்சர்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை வானிலை அறிக்கையை விடத் துல்லியமாகச் சொல்லும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியது, கோயில் கொடை, தேர்த் திருவிழா, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, நோன்பு, எல்லாம் அதில் வரட்டும். மூன்று மாதம் குறித்தாலே ஒரு தாளம் பிடிபடும். புதிய பாடத்தை வகுப்பு நிறையும் நாளில் தொடங்குங்கள், குறையும் நாளில் வாசிப்பு, பழைய பாடம், பின்தங்கியவர்களோடு உட்காருவது என்று வையுங்கள். காலி பெஞ்சு உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்பது அறிவுரையாகச் சொன்னால் மனதில் தங்காது. உங்கள் கையெழுத்திலேயே நாட்காட்டியில் தெரிந்தால் தங்கும்.

நீண்ட நாள் வராத பிள்ளையைத் தேடிப் போக வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. போங்கள். ஆனால் படகு போகாத நாள் மாலையில் போங்கள். அன்றைக்குத்தான் அப்பாவும் வீட்டில் இருப்பார், பேச நேரமும் இருக்கும்.

3. எங்கே தங்குவது

முதல் வருடத்தில் பள்ளியிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் தங்குங்கள் என்பது என் கட்சி. ராமநாதபுரம் டவுனில் அறை எடுத்துக்கொண்டு தினமும் ராமேஸ்வரம் தீவுக்கோ சாயல்குடிக்கோ போய்வருவது வசதியாகத்தான் தெரியும். ராமேஸ்வரம் ஒருவழிக்கே 55 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மெயின் பஸ் கிடைத்துவிடும், விலக்கில் இறங்கி ஊருக்குள் போகத்தான் பாடு. ஷேர் ஆட்டோ நிறையும்வரை வெயிலில் நிற்க வேண்டும். டூவீலர் என்றால் சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ளும், மணல் கண்ணில் அடிக்கும். பள்ளியில் செலவாக வேண்டிய தெம்பில் கணிசமான பங்கு சாலையிலேயே தீர்ந்துவிடும்.

பெண் ஆசிரியர் தனியாக ஊருக்குள் வீடு எடுப்பதில் தயக்கம் இருக்கும், நியாயம்தான். பள்ளி மேலாண்மைக் குழுத் (எஸ்.எம்.சி.) தலைவியிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ முதல் வாரமே கேளுங்கள். புரோக்கர் காட்டும் வீட்டை விட இவர்கள் காட்டும் வீடு பத்திரம். டீச்சரம்மாவுக்கு வீடு என்றால் மேல்வீட்டையே ஒழித்துத் தரும் குடும்பங்கள் உண்டு. அதற்கு விலையும் உண்டு. எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும், ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஸ்காலர்ஷிப் பாரத்தோடு கதவைத் தட்டுவார்கள். "இன்னைக்கு லீவுக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். முதல் மாதத்தில் சொல்லிவிட்டால் வருத்தப்பட மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்துச் சொன்னால்தான் மனஸ்தாபம்.

4. தண்ணீர், கழிப்பறை, குரல்

இந்த மூன்றையும் ஆசிரியர் நலன் பற்றிய பயிற்சிகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. தியானம் செய்யச் சொல்வார்கள்.

கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் வரும். குடிக்கக் கேன் தண்ணீர்தான். ஒரு கேனைப் பள்ளியிலும் வைத்துக்கொள்ளுங்கள், சக ஆசிரியர்கள் சேர்ந்து காசு போட்டால் பெரிய செலவில்லை. உண்மைச் சிக்கல் வேறு: கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்துவரை தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, சிறுநீர்க் கடுப்பு, சாயங்காலம் காரணமில்லாத எரிச்சல், எல்லாம் அதன் பின்னால் வரும். அதைப் பணிச்சோர்வு என்று எழுதிக்கொள்வதற்கு முன் கழிப்பறையைச் சரிசெய்யுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, ஊராட்சிக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், தீர்மான எண் போகாது.

குரல் ஆசிரியரின் கருவி. கடற்காற்று இரைச்சலுக்கும் தகரக் கூரைக்கும் மேலே கத்திப் பேசினால் குரல்நாண் தடிக்கும், முடிச்சு விழும். கத்துவதைக் குறைக்கக் கைதட்டல் தாளம் ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். இடுப்பில் மாட்டும் சின்ன மைக் செட் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். தொண்டை கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

5. வேலையைத் தாளில் இறக்குங்கள்

ஒரு வாரம், ஆறு நாளும், செய்த வேலையை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். கற்பித்தது, நோட்டுத் திருத்தியது, எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் துறையின் இணையதளம்) பதிவு, ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு தொடங்க அலைந்தது, விலையில்லாப் பொருள் எடுத்து வந்தது, குறுவள மையப் பயிற்சி, வாட்ஸாப் குழுவில் போட்டோ போட்டது, எல்லாம். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும். எரியட்டும். 'என்னால் முடியவில்லை' என்ற மங்கலான குற்றவுணர்வு, 'இத்தனை மணி நேரம் இந்த வேலைக்குப் போகிறது' என்ற தெளிவான கணக்காக மாறினால்தான் யாரிடமும் பேச முடியும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்வி சாராத வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று சொல்கிறது. இதைத் தலைமையாசிரியர் முகத்தில் வீசாதீர்கள். பாவம், அவருக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அதே அழுத்தம்தான். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் அவர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் உங்கள் தலையில், நீங்கள் பயிற்சிக்குப் போன நாளில் அவர் தலையில். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"சார், இந்த வாரம் எமிஸ்ல ஆதார் திருத்தம், ஸ்காலர்ஷிப்புக்கு பேங்க் புக், எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, வெள்ளிக்கிழமை எஸ்.எம்.சி. கூட்டம், நாலும் இருக்கு. நாம ரெண்டு பேர்தான். எதை முதல்ல முடிக்கட்டும், எது அடுத்த வாரம் போனா பரவாயில்லைன்னு நீங்களே சொல்லிருங்க சார்."

இதில் மறுப்பு இல்லை, வரிசை மட்டும் கேட்கிறீர்கள். வரிசையை அவர் சொன்னபின் கடைசியில் நின்ற வேலைக்கு நீங்கள் குற்றவாளி இல்லை.

வகுப்பிலும் பாரம் இறக்க வழி உண்டு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோமே, கலவை வகுப்பைச் சமாளிக்க அது உண்மையிலேயே உதவும். அரும்போடு நீங்கள் உட்காரும் நேரத்தில் மலர் தானாகச் செய்யும் வேலை ஒன்றை முந்தின நாளே எழுதி வைத்திருந்தால் போதும். நோட்டுத் திருத்துவதில் எல்லா நோட்டையும் எல்லா வரியும் திருத்துவது தியாகம் போலத் தெரியும், பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. தினம் ஐந்தாறு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்துங்கள்.

வாட்ஸாப் குழுக்களை இரவு எட்டு மணிக்கு மேல் மியூட் செய்யுங்கள். உயிர்போகும் அவசரம் என்றால் தலைமையாசிரியர் போன் செய்வார்.

6. பிள்ளையின் துக்கத்தை எதுவரை சுமப்பது

இந்தக் கடற்கரைக்கே உரிய பாரம் இது, வேறு மாவட்டத்து வழிகாட்டிகளில் கிடைக்காது. ஒரு நாள் காலை, எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துச் சென்ற செய்தி வரும். உங்கள் ஐந்தாம் வகுப்பில் அந்தப் படகில் போனவரின் மகன் உட்கார்ந்திருப்பான். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகளின் வீட்டில் முப்பது நாற்பது வருடக் கதை இருக்கும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று நின்றுவிடுவாள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தோழி காதோடு சொல்வாள். இதையெல்லாம் கேட்டுவிட்டு, இரவு தூங்காமல் புரண்டு, மறுநாள் பின்னம் நடத்த வேண்டும்.

படகு பிடிபட்ட நாளில் செய்ய வேண்டியவை: எல்லார் முன்னும் அந்தப் பையனிடம் விசாரிக்காதீர்கள். வகுப்பை வழக்கம்போல நடத்துங்கள், வழக்கம்தான் அன்று அவனுக்கு மருந்து. கூட்டாளி பக்கத்தில் உட்காரட்டும். சாக்பீஸ் எடுத்து வருவது மாதிரி எழுந்து நடமாட ஒரு வேலை கொடுங்கள். தூங்கினால் தூங்கட்டும். இடைவேளையில் தனியாக, "சாப்டியாப்பா?" என்ற ஒரு கேள்வி போதும், பேச நினைத்தால் அவனே பேசுவான். காலை உணவு சாப்பிட்டானா என்று கவனியுங்கள், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. மீட்டுக் கொண்டுவரும் வேலையை மீனவர் சங்கமும் மீன்வளத்துறையும் பார்க்கும். சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது, அம்மாவுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியவில்லை என்றால் அதை நிரப்பிக் கொடுக்கலாம். ஆசிரியரின் பங்கு அங்கே முடிகிறது. முடிகிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் பெரும்பாடு.

குழந்தைத் திருமணம், அடி, அத்துமீறல் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அழையுங்கள், சொன்னவர் பெயர் வெளியே வராது. தனியாளாகப் பெண் வீட்டுக்குப் போய்ப் பஞ்சாயத்துப் பேசும் வீரம் வேண்டாம். அடுத்த வருடமும் அதே ஊரில் நீங்கள் வேலை பார்க்க வேண்டும், அடுத்த பெண்ணுக்கும் நீங்கள் தேவை.

கேட்ட கதைகளை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். ஓய்வறையில் பேசினால் அது வம்பாகத் திரியும் அபாயம் உண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு, பிள்ளை பெயர் சொல்லாமல், வாரம் ஒருமுறை பேசிக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விலக்கில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் இதற்கு மிகப் பொருத்தம், வேறு எதற்கும் அது உதவப்போவதில்லை.

7. மருத்துவரிடம் போவது

இந்த மாவட்டத்தில் மனநலம் என்று வாயெடுத்தால் "ஏர்வாடிக்கா?" என்று ஒரு நக்கல் வரும். மனநோயாளிகளைக் குணமாகும் என்று கூட்டிவரும் தர்கா உள்ள ஊர் அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்துபோனார்கள். நாட்டையே உலுக்கிய விபத்து அது. அதன்பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. தர்கா அருகிலேயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடும், மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே இருக்கட்டும் என்ற எண்ணத்தோடு வந்தது. நக்கல் மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது. அதற்குப் பயந்து ஓர் ஆசிரியர் மதுரைவரை ரகசியமாகப் போய்வருவது எனக்குப் புரிகிறது, அப்படிப் போவதும் தப்பில்லை. போகாமல் இருப்பதுதான் தப்பு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் செயல்படுகிறது. முகம் தெரியாமல் தொடங்க விரும்பினால் மேலே சொன்ன 14416.

லீவு விஷயம் புதியவர்களுக்குத் தெளிவாக இருப்பதில்லை. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதைக் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வைக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாளைச் சும்மா இருப்பதற்கென்றே எடுங்கள். நீண்ட ஓய்வு தேவை என்று மருத்துவர் சொன்னால் மருத்துவ விடுப்பு. எத்தனை நாள் கிடைக்கும் என்பது பணிக்காலத்தைப் பொறுத்தது, தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் அந்தப் பருவம் தள்ளிப்போகுமா என்று அலுவலக உதவியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. திரும்பச் சேரும்போது உடற்தகுதிச் சான்று கொடுக்க வேண்டும், மறந்தால் சம்பளம் நிற்கும். தற்காலிக ஆசிரியர்களுக்கும் தனியார் பள்ளிக்காரர்களுக்கும் இந்த வசதிகள் பெரும்பாலும் இல்லை என்பது கசப்பான உண்மை. அவர்களுக்கு 5-ஆம், 6-ஆம் படிகளில் உள்ளவைதான் கையில் இருப்பவை.

8. திரும்பி வரும்போது

விடுப்பு முடிந்து வந்த முதல் வாரத்திலேயே விட்டதையெல்லாம் பிடிக்க நினைப்பவர்கள் அடுத்த மாதமே மீண்டும் படுப்பார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, முதல் மாதம் கூடுதல் பொறுப்புகளை இன்னொருவர் பார்க்கட்டும் என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடவேளை ஒன்று இருக்குமே, அதை மட்டும் நன்றாகத் தயாரியுங்கள். மற்றவை சுமாராகப் போகட்டும்.

அக்டோபர் 15 வந்தால் எங்கள் பள்ளிகளில் கலாம் பிறந்தநாள் பேச்சு களைகட்டும். 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த பிள்ளை ஜனாதிபதியானார், நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு கலாமை உருவாக்க வேண்டும் என்று விருந்தினர் மைக்கில் முழங்குவார். களைத்த ஆசிரியருக்கு அது இன்னொரு மூட்டை. ஆனால் கலாம் தன் ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னதைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் விளக்கியும் புரியாததால், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார் என்பதைத்தான் அவர் மேடைக்கு மேடை சொன்னார். ஒரு சாயங்காலத்து வேலை. நீங்களும் வாரம் ஒரு பாடத்தை வகுப்பறைக்கு வெளியே நடத்துங்கள். கடல் ஏறுவதும் வற்றுவதும், சிப்பி வகைகள், படகின் சாய்வு, ஏலக்கணக்கு எல்லாம் கண்முன்னே இருக்கின்றன. கடல் விஷயத்தில் பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள், ஒரு மணி நேரம் நீங்கள் மாணவராக இருக்கலாம். எந்த ஓய்வும் தராத தெம்பு அதில் வருவதைப் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியர் அனுமதியும் கூடவே இன்னொரு பெரியவரும் இருக்கட்டும், தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம்.

9. மாறுதல்

சொந்த ஊருக்கு மாறுதல் கேட்பது தோல்வி என்று நினைப்பவர்களும் உண்டு, மாறுதல் கிடைத்தால் எல்லாம் தீரும் என்று நினைப்பவர்களும் உண்டு. வயதான பெற்றோர், சின்னக் குழந்தை, தனியே இருக்கும் துணைவர் என்று காரணம் வீட்டில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். காரணம் எமிஸும் வாட்ஸாப்பும் என்றால், அவை திருவண்ணாமலையிலும் இருக்கின்றன. முடிவை வாடைக் காலத்து இரவுகளில் எடுக்காதீர்கள். பொங்கல் கழிந்து, காற்று அடங்கி, இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தூங்கிய பிறகு 5-ஆம் படியில் எழுதிய நோட்டையும் சுவரில் உள்ள நாட்காட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அப்போதும் போக வேண்டும் என்றே தோன்றினால், பணிப்பதிவேட்டில் பதிவுகள் சரியாக இருக்கின்றனவா, முன்னுரிமைக்கான சான்றுகள் கையில் இருக்கின்றனவா என்று பிப்ரவரியிலேயே சரிபார்த்துவிடுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்தபிறகு அலைந்தால் ஆபீஸில் எல்லாரும் அதே வரிசையில் நிற்பார்கள். போகும்போது அந்த நாட்காட்டியை அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டுப் போங்கள், அவருக்கு மூன்று மாத அலைச்சல் மிச்சம்.